களை போனால் பூச்சி எங்கே போகும்? களையெடுப்பு வழிகள் சில, ஓர் ஒப்பீடு

களைக்கொல்லி தெளிக்கலாமா என்று யோசிப்பவர் பூச்சிகளைப் பற்றிக் கவலைப்பட்டால், வழக்கமாக ஒரு கேள்விதான் கேட்பார்: "இந்த மருந்து பூச்சியைக் கொல்லுமா?" பெரும்பாலான களைக்கொல்லிகளுக்குக் கிடைக்கும் பதில், "சொன்ன அளவில் அடித்தால் அப்படியொன்றும் ஆகாது" என்பது. இந்தப் பதிலில் பொய் இல்லை. ஒளிச்சேர்க்கையை முடக்குவது, செடியின் வளர்ச்சி ஊக்கியைப் போல நடித்து அதைக் குழப்புவது, அமினோ அமிலத் தயாரிப்பைத் தடுப்பது என்று களைக்கொல்லிகள் குறிவைப்பதெல்லாம் பெரும்பாலும் செடிக்குள் நடக்கும் வேலைகள். பூச்சியின் உடம்பில் அந்த வேலைகள் பலவும் நடப்பதே இல்லை. சிக்கல் சாப்பாட்டில் இருக்கிறது. இலையைத் தின்றும் சாற்றை உறிஞ்சியும் வாழும் புழுவுக்கும் வண்டுக்கும் அசுவினிக்கும், நாம் களை என்று சொல்வதுதான் சோறும் வீடும்.

மருந்தைப் பதிவு செய்யும்போது இதெல்லாம் பார்த்திருக்க மாட்டார்களா என்று கேட்கலாம். ஐரோப்பிய நடைமுறையில் தேனீ போக மற்ற பூச்சியினங்களுக்கான அடிப்படைச் சோதனையில் இரண்டு உயிர்களை வைத்துப் பார்க்கிறார்கள். ஒன்று, அசுவினிக்குள் முட்டையிடும் அஃபிடியஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவி. மற்றது, சிலந்திப்பேனை வேட்டையாடும் டைப்லோட்ரோமஸ் என்ற சிற்றுண்ணி. இரண்டுமே இலை தின்பவை அல்ல. செடிகளுக்காக ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு வகுத்த சோதனைகளிலும் பெரும்பாலும் பயிர் நாற்றுகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். முளைப்பையும் எடையையும் அளக்கிறார்கள், அந்தச் செடி பிறகு பூத்ததா, விதைத்ததா, அதைத் தின்ற புழு தேறியதா என்பது சோதனைக்குள் வராது. ஆகவே டப்பாவின் மேல் இருக்கும் எழுத்தை வைத்து மட்டும் இந்த முடிவை எடுக்க முடியாது.

என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மருந்து என்பதைவிட, எவ்வளவு இடத்தில் அடிக்கிறோம், எந்த வாரத்தில் அடிக்கிறோம், அடித்த பிறகு அங்கே என்ன பச்சை மிஞ்சுகிறது என்பவைதான் பூச்சிகளின் கணக்கைத் தீர்மானிக்கின்றன. அந்தக் கண்ணோட்டத்தில்தான் கீழே ஒவ்வொரு வழியையும் எடைபோடுகிறேன். இரண்டு வகை ஆட்களுக்கு இது பயன்படலாம்: பயிரைத் தின்னும் பூச்சி பெருகிவிடக் கூடாது என்று நினைப்பவர், பயிரைத் தொடாத பூச்சிகளும் அவற்றை நம்பியிருக்கும் பறவைகளும் மிஞ்ச வேண்டும் என்று நினைப்பவர். இருவருக்கும் பல இடங்களில் ஒரே விடை வருகிறது; வராத இடங்களும் உண்டு.

முழு வயலுக்கும் ஒரே வீச்சு

எளிமையான வழி இதுதான். முழு வயலிலும் எல்லாக் களையையும் சாகடிக்கும் மருந்தை ஒரே மூச்சில் அடித்துவிடுவது. உழைப்பு குறைவு, வயல் சுத்தம், பக்கத்து வயல்காரர் முன்னால் தலை நிமிர்ந்து நிற்கலாம். இலைதின்னிகளுக்கு இதைவிடக் கெட்ட தேர்வு அரிது.

இங்கிலாந்துத் தானிய வயல்களில் தரையோடு படரும் நாட்கிராஸ் என்ற களை உண்டு. அதை நம்பி வாழும் இலைவண்டு ஒன்று இருக்கிறது: உலோகப் பச்சை மின்னும் சிறகுமூடி, செம்மஞ்சள் கழுத்து. சினைப் பருவத்தில் பெண் வண்டின் வயிறு சிறகுமூடிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் அளவுக்கு முட்டையால் புடைத்துவிடும். இலையின் அடியில் மஞ்சள் முட்டைகளைக் கொத்தாக ஒட்டிவிட்டுப் போகும். புழுக்கள் அதே இலையைச் சல்லடையாக்கிக்கொண்டு வளரும். நாட்கிராஸும் அதன் நெருங்கிய உறவுகளும் தவிர வேறு எதையும் இந்த வண்டு பெரிதாகச் சீண்டாது. கோதுமையைத் தொடவே தொடாது. அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் மருந்து விழுந்தால் வண்டு விஷத்தால் சாகாது. அதன் புழுவுக்குத் தின்ன இலை இருக்காது, அவ்வளவுதான்.

யாருக்கும் கெடுதல் செய்யாத ஒரு வண்டு போனால் என்ன என்பவருக்கு அடுத்த கட்டத்தையும் சொல்ல வேண்டும். சாம்பல் கௌதாரிக் குஞ்சு பொரிந்த முதல் இரண்டு வாரம் தானியத்தை வைத்து வளர முடியாது. அதற்குப் புரதம் வேண்டும், அதாவது பூச்சி வேண்டும். தென் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் டிக் பாட்ஸ் என்ற ஆய்வாளர் தொடங்கிவைத்த நெடுங்கால ஆய்வு, 1950களுக்குப் பிறகு களைக்கொல்லி பரவிய வயல்களில் குஞ்சுகள் பிழைக்கும் விகிதம் விழுந்ததற்கு இந்தச் சங்கிலியைக் காட்டியது: களை போனது, களையைத் தின்ற பூச்சி போனது, குஞ்சு பட்டினி கிடந்தது. மருந்து ஒரு குஞ்சின் மேலும் படவில்லை.

இதே விஷயத்தைப் பெரிய அளவில் அளந்த ஆய்வு பிரிட்டனில் 2003ஆம் ஆண்டு வெளியானது. களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்றப் பயிர்களை அனுமதிக்கலாமா என்ற சண்டையைத் தீர்க்க, பல பத்து வயல்களை எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் வழக்கமான ரகமும் வழக்கமான மருந்தும், மறு பாதியில் தாங்கும் ரகமும், ஏறத்தாழ எல்லாக் களையையும் கொல்லும் அகல வீச்சு மருந்தும் என்று வைத்தார்கள். பீட்ரூட் இனத்தைச் சேர்ந்த பீட் பயிரில் மரபணு மாற்றப் பாதியில் களை குறைந்தது, விதை குறைந்தது, தேனீக்களும் பட்டாம்பூச்சிகளும் குறைந்தன. எண்ணெய் வித்தான வசந்தகால ரேப்சீடிலும் பட்டாம்பூச்சிகள் குறைந்தன. சருகு தின்னும் ஸ்பிரிங்டெயில் என்ற சிற்றுயிர்கள் மட்டும் கூடின. களையை வளரவிட்டுத் தாமதமாகக் கொன்றதால் மக்குவதற்கு நிறையத் தழை கிடைத்தது. சண்டை மரபணுவைப் பற்றித் தொடங்கினாலும், வயலில் தெரிந்த வித்தியாசம் களை எவ்வளவு மிஞ்சியது என்பதிலிருந்து வந்தது.

மருந்தின் குணம் முக்கியமாகும் இடம் ஒன்று உண்டு. அது செடியின் வேருக்குப் போகுமா, இலையை மட்டும் கருக்குமா என்பது. அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் மக்காச்சோளம், சோயா வயல்களுக்குள் எருக்கு இனத்தைச் சேர்ந்த மில்க்வீட் செடிகள் காலங்காலமாக முளைத்துவந்தன. உழவும் இடையுழவும் தண்டை வெட்டின. மண்ணுக்குள் ஓடும் வேர்த்தண்டு பிழைத்துக்கொண்டு மறுபடி துளிர்த்தது. மொனார்க் பட்டாம்பூச்சியின் புழுவுக்கு இந்த இனம்தான் ஒரே உணவு. 1996இல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் சோயா வந்தது, இரண்டு ஆண்டில் மக்காச்சோளமும் வந்தது. கிளைபோசேட் இலை வழியாக உள்ளே போய் வேர்வரை இறங்கும். ப்ளெசன்ட்ஸ், ஓபர்ஹௌசர் என்ற ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட கணக்குப்படி, 1999 முதல் 2010 வரை அந்தப் பகுதியின் மில்க்வீட் 58 விழுக்காடு சரிந்தது. அங்கே உருவான மொனார்க் எண்ணிக்கை 81 விழுக்காடு சரிந்தது. செடியைவிடப் பூச்சி அதிகமாகச் சரிந்ததற்குக் காரணம் இருக்கிறது: வயலுக்குள் நின்ற ஒவ்வொரு செடியிலும், வெளியே நின்ற செடியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு முட்டை இருந்தது. அழிந்தவை மிக நல்ல செடிகள்.

இதை எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அருங்காட்சியகச் சேகரிப்புகளை அலசி 2019இல் வந்த ஆய்வு ஒன்று, மொனார்க்கும் மில்க்வீடும் அந்தப் பயிர்கள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சரியத் தொடங்கிவிட்டன என்றது. வலசைப் பயணத்தில் சாவதுதான் பெரிய காரணம் என்பவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் வேர்த்தண்டைக் கொல்லும் மருந்து, கத்தியால் செய்ய முடியாததைச் செய்தது என்பதில் தகராறு இல்லை. பல்லாண்டுக் களையை நம்பியிருக்கும் பூச்சி முக்கியம் என்றால், முழு வயலிலும் வேரோடு கொல்லும் மருந்து அடிப்பதை நான் பட்டியலின் கடைசியில்தான் வைப்பேன்.

முளைக்கவே விடாமல் தடுப்பது

விதைத்ததும் மண்ணில் ஒரு படலமாக நின்று, களை முளைக்கும்போதே கொல்லும் மருந்துகள் இன்னொரு வழி. பூச்சிகளைப் பொறுத்தவரை இது இருமுகம் கொண்டது.

கெட்ட முகத்தைப் பிரிட்டிஷ் ஆய்வின் மக்காச்சோள வயல்கள் காட்டின. பீட்டில் நடந்ததற்கு நேர்மாறாக, இங்கே மரபணு மாற்றப் பாதியில்தான் களையும் பூச்சியும் அதிகம். காரணம், வழக்கமான பாதியில் பெரும்பாலும் பயன்பட்டது அட்ரசின். அது மண்ணில் நீண்ட நாள் நின்று களையை எழவே விடாத மருந்து. அட்ரசினை ஐரோப்பா விலக்கிக்கொண்டபோது, இந்த ஒப்பீடு இனிச் செல்லுமா என்று மறுகணக்குப் போட்டார்கள்; 2004இல் வந்த விடை, வித்தியாசம் குறையும், ஆனால் முழுதாக மறையாது என்பது. நீண்ட நாள் நிற்கும் மண் மருந்து, இலைதின்னிகளுக்கு அகல வீச்சு மருந்தைவிட மோசமாக இருக்கலாம்.

நல்ல முகம், பயிரைத் தின்னும் பூச்சிக்கு அஞ்சுபவருக்கு. களை முதலில் வளர்ந்து பிறகு சாகும்போது, அதில் குடியிருந்த பூச்சி பட்டினியோடு பயிருக்கு நடந்து வரும். முளைக்காத களையில் யாரும் குடியேறுவதில்லை.

இந்த நடையைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டுமானால் கரு வெட்டுப்புழுதான் சரியான உதாரணம். வசந்தத்தில் வரும் அந்துப்பூச்சி, விதைப்புக்கு முந்தைய காலியான வயலில் அடர்ந்திருக்கும் குளிர்காலக் களைகளில் முட்டையிடும். புழு சின்னதாக இருக்கும்வரை களை இலையைச் சுரண்டிக்கொண்டு கிடக்கும். விவசாயி வந்து களைக்கு மருந்தடித்து, இரண்டே நாளில் மக்காச்சோளம் விதைக்கிறார். களை வாடி மஞ்சளாகி விழுவதற்குள் நாற்று தலைகாட்டிவிடும். அந்த நேரத்தில் புழுவும் பெருத்து, தண்டைக் கடிக்கும் பருவத்துக்கு வந்திருக்கும். பகலில் மண்கட்டிக்கு அடியில் சுருண்டு கிடந்து, இரவில் வெளியே வந்து, நாற்றை மண்மட்டத்தில் கத்தரித்ததுபோல் அறுக்கும். சில சமயம் அறுத்ததைத் தன் குழிக்குள் இழுத்துக்கொண்டு போகும். காலையில் பார்க்கும்போது வரிசையில் இடைவெளி மட்டும் தெரியும். ஒரு புழு ஒரு நாற்றோடு நிற்பதில்லை.

இதில் மருந்தின் பெயருக்கு வேலையே இல்லை. களை செத்த நாளுக்கும் பயிர் முளைத்த நாளுக்கும் நடுவில் எத்தனை நாள் என்பதே கணக்கு. விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே களையைக் கொன்றுவிட்டால், புழு சிறிதாக இருக்கும்போதே பட்டினியில் சாகும். புல் களைகளுக்குள் துளைத்து வாழும் தண்டுப்புழுவும் இதே கதைதான்: வயலோரப் புல்லை மக்காச்சோளம் முளைத்த பிறகு கருக்கினால், அது புல்லை விட்டு மக்காச்சோளத் தண்டுக்குள் ஏறும். சிலந்திப்பேனும், சாறு உறிஞ்சும் லைகஸ் பூச்சியும் வாடும் களையை விட்டுப் பயிருக்கு இடம்பெயர்வதில் பேர்போனவை. பயிர் நின்றுகொண்டிருக்கும்போது வரப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்புபவர், தன் கையால் பூச்சியை வயலுக்குள் ஓட்டிவிடுகிறார்.

பயிர் நிற்கும்போதே தேர்ந்து கொல்லும் மருந்து

புல் வகைப் பயிருக்குள் அகன்ற இலைக் களையை மட்டும் கொல்லும், வளர்ச்சி ஊக்கியைப் போல நடிக்கும் 2,4-டி போன்றவற்றை இங்கே வைக்கிறேன். களையில் ஒரு பகுதி மிஞ்சுவதால் முழு வீச்சைவிட மேல் என்று தோன்றும். ஆனால் மருந்து பயிரின் மேலும் விழுகிறது. பயிர் சாகாது, மாறுகிறது. தின்பவனுக்கு அந்த மாற்றம் தெரியும்.

1960இலேயே, 2,4-டி பட்ட அவரையினப் பயிரில் பட்டாணி அசுவினி கூடுதலாகக் குட்டி போட்டதைக் கண்டிருந்தார்கள். 1963இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், 2,4-டி பட்ட நெல்லில் தண்டுத்துளைப்பான் புழு கூடுதலாகப் பெருத்ததைக் கண்டார்கள். அந்த நெல்லில் தழைச்சத்து கூடியிருந்தது. 1976இல் ஓகாவும் பிமென்டலும் சயின்ஸ் இதழில் எழுதியது இன்னும் நேரடியானது: 2,4-டி பட்ட மக்காச்சோளத்தில் அசுவினியும் தண்டுத்துளைப்பானும் கூடின, நோய்களும் கூடின. இலை தின்பவற்றுக்குப் பெரும்பாலும் பற்றாக்குறையாக இருப்பது தழைச்சத்துதான். வளர்ச்சி குழம்பிய செடியில் அது எளிதாகக் கிடைத்துவிட்டால் புழு விடுமா?

இத்துடன் நிறுத்திவிட்டால் முடிவு சுலபம். ஆனால் 2012இல் சீன ஆய்வாளர்கள் இதே மருந்தை நெல்லில் அடித்துப் பார்த்தபோது தண்டுத்துளைப்பானுக்கு எதிராக நெல்லின் தற்காப்பு கூடியது, புழு நலிந்தது. அதே சமயம் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி அந்த நெல்லை நாடி வந்து முட்டையிட்டது. புகையானின் முட்டைக்குள் முட்டையிடும் அனாக்ரஸ் என்ற நுண்குளவியும் பின்னாலேயே வந்து அந்த முட்டைகளை அழித்தது. ஒரே மருந்து, ஒரே பயிர். ஒரு பூச்சிக்குக் கெடுதல், இன்னொன்றுக்கு அழைப்பு, மூன்றாவதற்கு விருந்து. அளவும் பயிரின் வயதும் ரகமும் மாறினால் விடையும் மாறுகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள முடிகிறது.

மற்ற மருந்துகள் வேறு கதவுகளைத் திறக்கின்றன. கிளைபோசேட் அடைப்பது, செடிகள் ஃபீனைல்அலனின் போன்ற மூன்று அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் பாதையை. அதிலிருந்துதான் செடிக்கு உறுதி தரும் லிக்னினும், புழுவுக்குக் கசக்கும் பல ஃபீனால் பொருள்களும் உருவாகின்றன. ஆகவே சாகாத அளவு பட்ட செடி, தற்காப்பு குறைந்த செடியாக இருக்க வாய்ப்புண்டு. இந்தப் பாதை விலங்குகளில் இல்லை என்பது கிளைபோசேட்டுக்குச் சொல்லப்படும் பெரிய சான்றிதழ். ஆனால் பல பூச்சிகளின் உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களில் அது இருக்கிறது. தானியத்தைத் தின்னும் ரம்பப்பல் வண்டு, தன் ஓட்டைக் கெட்டிப்படுத்தத் தேவையான டைரோசின் என்ற அமினோ அமிலத்துக்கு அப்படி ஒரு பாக்டீரியாவைச் சார்ந்திருக்கிறது. கிளைபோசேட் பட்டபோது அந்தக் கூட்டு உடைந்தது என்று 2021இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வு காட்டியது. வயலில் இது எவ்வளவு தூரம் நடக்கிறது என்பது வேறு விஷயம். பூச்சிக்குள் இலக்கே இல்லை என்ற வாக்கியத்தை மட்டும் இனி யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

என் தீர்ப்பு: பூச்சிப் பிரச்சினை ஏற்கெனவே தலைதூக்கியிருக்கும் வயலில், பயிரின் மேல் விழும் வளர்ச்சி ஊக்கி வகை மருந்தை அந்த வாரம் அடிக்காமல் இருப்பது நல்லது. தவிர்க்க முடியாவிட்டால், அடித்த பிறகு தண்டையும் தூரையும் வழக்கத்தைவிட அடிக்கடி புரட்டிப் பார்க்க வேண்டும்.

கொத்தும் இயந்திரமும்

மருந்தை விட்டு இரும்புக்குப் போனால் பூச்சிக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாதி உண்மை. களைக்கொத்தும் இடையுழவுக் கருவியும் செடியோடு முட்டையையும் புழுவையும் சேர்த்தே புதைக்கின்றன. சாப்பாடு மறைவதில் வித்தியாசம் கிடையாது. வெட்டுப்புழுவின் நடையும் அப்படியே நடக்கும்; களை எதனால் செத்தது என்று புழு விசாரிப்பதில்லை.

ஆனால் இரும்பு விட்டுவைக்கும் இரண்டு விஷயங்கள் பெரியவை. மருந்து காற்றில் பக்கத்து வரப்புக்குப் போவதுபோல் இரும்பு போகாது. இன்னொன்று, வெட்டுப்பட்ட பல்லாண்டுச் செடி இளந்தளிராக மறுபடி வரும். அமெரிக்காவின் மிச்சிகனில் ஹான், லாண்டிஸ் என்ற ஆய்வாளர்கள் புல்வெளியில் மில்க்வீட் திட்டுகளைக் கோடை நடுவில் வெட்டிவிட்டுப் பார்த்தார்கள். முற்றிய தண்டுகளைவிட மறுதுளிரில் மொனார்க் அதிக முட்டையிட்டது. முட்டையைத் தின்னும் எதிரிகளும் அங்கே குறைவாக இருந்தன. வெட்டிய மாதம் சரியாக அமைந்ததால் வந்த பலன் அது. முட்டை நிறைந்திருக்கும்போது வெட்டினால் கதை தலைகீழாகும். ஆள்கூலியும் ஈரமண்ணும் இந்த வழியின் பெரிய இடைஞ்சல்கள், அவற்றைப் பற்றி அனுபவப்பட்டவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

பட்டையாக அடிப்பது, ஓரத்தை விட்டுவைப்பது

எனக்கு மிகவும் பிடித்த தேர்வு இங்கேதான் இருக்கிறது. பயிர் வரிசையின் மேல் மட்டும் ஒரு பட்டையாக மருந்தடித்து, இரண்டு வரிசைக்கு நடுவில் உள்ள களையை முதல் சில வாரம் விட்டுவைப்பது. இங்கிலாந்தில் பீட் பயிரில் இதைச் செய்து பார்த்தபோது களையும் பூச்சியும் வசந்தத்தில் நன்றாக மிஞ்சின, விளைச்சலும் அடிபடவில்லை. பயிருக்கும் களைக்கும் போட்டி கடுமையாக இருப்பது பயிரின் வாழ்வில் ஒரு குறிப்பிட்ட காலத்தில்தான்; அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் களை அவ்வளவாக விளைச்சலைத் தின்பதில்லை. அந்தக் காலம் கடந்த பிறகு, கண்ணுக்குச் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் அடிக்கும் கடைசித் தெளிப்பைத்தான் முதலில் கைவிடச் சொல்வேன். அதில் மிச்சமாகும் மருந்துக்காசு தனி லாபம்.

களை நின்றால் பயிர்ப் பூச்சி பெருகாதா? இதற்கு நல்ல பதில் இருக்கிறது. ரிச்சர்ட் ரூட் என்ற ஆய்வாளர் 1973இல் கோஸ் இனப் பயிரை வைத்துக் காட்டியது: தனிப்பயிராக நின்ற பாத்தியில் தெள்ளுவண்டு குவிந்தது, வேறு செடிகளோடு கலந்து நின்றதில் குறைந்தது. ஒரே உணவு பரந்து கிடக்கும் இடத்தில் அதன் சிறப்பு வாடிக்கையாளர் வந்து தங்கிவிடுகிறார் என்பது அவர் கருத்து. பிறகு ஆண்டோ 1991இல் 209 ஆய்வுகளைத் தொகுத்தார். கலப்புத் தாவரங்களுக்கு நடுவில் 287 இலைதின்னி இனங்களில் 52 விழுக்காடு குறைந்தன, 15 விழுக்காடு கூடின. மீதியில் தெளிவான மாற்றம் இல்லை அல்லது விளைவு இடத்துக்கு இடம் மாறியது. அந்த 15 விழுக்காட்டில் உங்கள் பயிரின் எதிரி இருந்தால் விட்டுவைத்த களை உங்களுக்கு எதிராக வேலை செய்யும். பல செடிகளைத் தின்னும் புழுவா, ஒரே இனத்தைத் தின்னும் வண்டா என்று பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம்: ஒரே பயிரைத் தின்பவை பொதுவாகக் கலப்பில் தடுமாறும், எதையும் தின்பவைதான் களையைப் படிக்கட்டாகப் பயன்படுத்தும்.

ஓரத்தை விடுவது கௌதாரி ஆய்விலிருந்தே பிறந்த யோசனை. தானிய வயலின் வெளி ஓரத்தில் சுமார் 6 மீட்டர் அகலத்துக்கு அகன்ற இலைக் களைமருந்தை அடிப்பதில்லை. தொல்லையான புல்லுக்கு மட்டும் தேர்ந்தெடுத்த மருந்து. அந்தச் சின்னப் பட்டையிலேயே பூச்சி கூடியது, குஞ்சுகள் கூடுதலாகப் பிழைத்தன, பட்டாம்பூச்சிகளும் வந்தன. விளைச்சல் எப்படியும் குறைவாக வரும் இடம்தான் வயலோரம், இழப்பு பெரிதில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை. விட்டுவைத்த ஓரத்தில் பக்கத்து மருந்து காற்றோடு வந்து விழுந்தால், பச்சை இருக்கும், பயன் இருக்காது. டைகாம்பா இதற்குக் கெட்ட பெயர் எடுத்த மருந்து. வெயிலில் ஆவியாகி நெடுந்தூரம் போகும். பட்ட செடியைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும்: புது இலைகளின் விளிம்பு மேல்நோக்கி மடிந்து சின்னக் கிண்ணம் போல் நிற்கும், நரம்புகள் இணையாக நெருங்கியிருக்கும். செடி சாகவில்லை, தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரியும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், வயலில் அடிக்கும் அளவில் ஏறத்தாழ 1 விழுக்காடு டைகாம்பா மட்டும் பட்ட செடிகள் தாமதமாகப் பூத்தன, குறைவாகப் பூத்தன, வந்த பூச்சிகளும் குறைந்தன. டைகாம்பா பட்ட முட்செடியைத் தின்ற பெயின்டட் லேடி பட்டாம்பூச்சியின் புழுக்கள் சிறுத்துப்போயின. ஜெர்மனியில் வயலோரத்து ரனன்குலஸ் செடி களைமருந்தால் சாகாமலே பூப்பதை ஏறக்குறைய நிறுத்திக்கொண்டது.

அதனால் ஓரம் விடுபவர் தெளிப்பானையும் மாற்ற வேண்டும். பெரிய துளி விழும் நாசில், தாழ்ந்த உயரம், காற்று ஓரத்திலிருந்து வயலை நோக்கி வீசும் நேரம். இவை இல்லாத 6 மீட்டர், அட்டவணையில் எழுதிக்கொள்ள மட்டும் உதவும்.

பூச்சியே களையெடுக்கும் இடத்தில்

கடைசியாக, மேலே சொன்ன எதிலும் அடங்காத ஒரு சந்தர்ப்பம். களையைத் தின்பதற்காகவே பூச்சியைக் கொண்டுவந்து விட்டிருக்கும் இடங்கள்: பார்த்தீனியத்துக்கு சைகோகிரம்மா வண்டு, ஆகாயத்தாமரைக்கு நியோகெடினா கூன்வண்டு. இங்கே பூச்சியின் சாப்பாட்டை அழிப்பது, நம் வேலையாளைப் பட்டினி போடுவது. பொறுமையிழந்து ஏரி முழுவதும் மருந்தடித்தால் செடி மூழ்கும். இலைக்காம்புக்குள் துளைத்துக்கொண்டிருக்கும் புழுக்களும் வேரில் கூடுகட்டியிருக்கும் கூட்டுப்புழுக்களும் அதோடு மூழ்கும். அடுத்த மழைக்கு விதையிலிருந்து ஆகாயத்தாமரை திரும்ப வரும், வண்டு வராது.

இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும். திட்டுத்திட்டாக அடித்து, நடுநடுவே அடிக்காத பட்டைகளை விட்டுவைத்தால், வளர்ந்த வண்டுகள் வாடும் செடியை விட்டுப் பச்சைக்கு நகர்கின்றன. பட்டைகள் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கு வண்டின் உடம்பே விடை சொல்கிறது: முட்டையிடும் பருவத்தில் இந்த நியோகெடினாவின் பறக்கும் தசைகள் சுருங்கிவிடும். மறு கரையில் ஒரு மூலையை விட்டுவைத்தால் அவற்றால் பறந்து போய்ச் சேர முடியாது; செடியிலிருந்து செடிக்கு நடந்து போகும் தூரத்தில் பச்சை இருக்க வேண்டும். அடுத்த பட்டைக்கு மருந்தடிப்பதை, முந்தைய இடத்திலிருந்து வந்த வண்டுகள் இங்கே முட்டையிட்டு, புழுக்கள் வளர்ந்து வெளிவரும்வரை தள்ளிப்போட வேண்டும். அது வாரக் கணக்கல்ல, மாதக் கணக்கு.